உதவாத பேச்சு

பேருந்து நிலையத்தில் கையில் பெட்டியோடு நிற்கிறோம். எதிரே ஊர்ப் பெயர் எழுதிய பேருந்து புறப்படத் தயாராக உறுமுகிறது. அவ்வழியே வரும் தெரிந்தவர் ஒருவர், "என்ன, ஊருக்கா?" என்கிறார். "ஆமாம்" என்கிறோம். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் வந்து, "என்ன, சாப்பாடு ஆச்சா?" என்கிறார். அதற்கும் "ஆச்சு" என்கிறோம். கேட்டவருக்கு விடை முன்பே தெரியும். அவருக்குத் தெரியும் என்பது நமக்கும் தெரியும். ஆயினும் கேள்வி பிறக்கிறது, விடை பிறக்கிறது, இருவரும் மனநிறைவோடு அவரவர் வழியே போகிறோம். இத்தகைய பேச்சால் யாருக்கு என்ன பயன்?

இயற்பியல் படிக்கும் மாணவன் ஒருவன் இந்தக் கேள்வியை எழுப்புவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். மொழித்துறை நண்பர்களின் வயலில் நான் கால் வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. வெட்டிப் பேச்சு என்று நான் பல காலம் இகழ்ந்து வந்த ஒன்று, 2024 நவம்பரில் எங்கள் பக்கத்து வீட்டில் ஓர் உயிரைக் காத்தது. அதனை நேரில் கண்டவன் நான்.

எங்கள் ஊர் காவிரிக் கரையில் உள்ளது. அடுத்த வீட்டுக்காரரைத் தெருவில் எல்லோரும் தந்தித் தாத்தா என்பார்கள். 1966-இல் தந்தித் துறையில் சேர்ந்து நாற்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பின் 2013 ஜூலையில் தந்தியும் ஓய்வு பெற்றுவிட்டது. பாட்டி காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. மகன் வெளிநாட்டில் இருக்கிறார். வீட்டுக் கொல்லையில் இரண்டு தென்னைகளுக்கு நடுவே ஒரு செப்புக் கம்பி கட்டியிருக்கும். சிறு வயதில் அதைத் துணி காயப்போடும் கொடி என்றே நினைத்திருந்தேன். அவ்வளவு உயரத்தில் யார் ஏறித் துணி காயப்போடுவார்கள் என்று கேட்க அப்போது தோன்றவில்லை.

அது ஏரியல். தாத்தா ஒரு ஹாம். 'அமெச்சூர் வானொலி' என்று நூல்களில் படித்திருப்பீர்கள். சொந்தமாக ஒரு சிறு ஒலிபரப்பிக் கருவி வைத்துக்கொண்டு, தம்மைப் போன்ற பிறரோடு வானலையில் பேசி மகிழ்பவர்களுக்கு உலகெங்கும் ஹாம் என்று பெயர். இதற்கு நடுவண் அரசின் தகவல் தொடர்பு அமைச்சகம் தேர்வு வைக்கிறது. வானொலி இயங்கும் முறை, அதற்கான சட்டதிட்டம் ஆகியவற்றில் தேறியவர்க்கு உரிமமும் ஓர் அழைப்புக் குறியும் தரப்படும். இந்தியக் குறிகள் வி.யூ. என்று தொடங்கும். அந்தமானுக்கு வி.யூ.4, இலட்சத்தீவுக்கு வி.யூ.7. இலங்கைக்காரர் 4.எஸ். என்று தொடங்குவார். ஒருவர் வாய் திறந்து குறியைச் சொன்னவுடனே அவர் எந்த நாட்டவர் என்று தெரிந்துவிடும்.

தினமும் காலை ஏழு மணிக்கு இவர்கள் ஒரு குறிப்பிட்ட அலைவரிசையில் கூடுவார்கள். அக்கூட்டத்துக்கு 'நெட்' என்று பெயர். அன்றைக்கு ஒருவர் தலைமை ஏற்று வருகைப் பதிவு எடுப்பதுபோல ஒவ்வொரு குறியாக அழைப்பார். அழைக்கப்பட்டவர் இரண்டு நிமிடம் பேசி அடுத்தவருக்கு விடுவார். நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது முதன்முதலாக அந்த அறையில் உட்கார்ந்து இதைக் கேட்டேன். எப்பேர்ப்பட்ட விஞ்ஞான விவாதம் நடக்கப்போகிறதோ என்று நெஞ்சு படபடக்கக் காத்திருந்தேன். கோவையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"வணக்கம் ஓ.எம். உங்க சிக்னல் இங்கே ஐந்து ஒன்பது. ராத்திரி நல்ல மழை. இப்ப வெளுத்திருக்கு. காலையில ரெண்டு இட்லி ஆச்சு. முழங்கால் வலி அப்படியேதான் இருக்கு. வேற விசேஷம் ஒண்ணும் இல்ல. மைக் உங்களுக்கு. ஓவர்."

அடுத்து நாகர்கோவில் பேசியது. அங்கே மழை இல்லையாம், காற்று மட்டுமாம். தஞ்சாவூர்க்காரர் மேட்டூரில் இன்று எத்தனை அடி என்று கேட்டார். இன்னொருவர் அதைச் சொன்னார். பேரனுக்குப் பல் முளைத்த செய்தியைச் சேலம் சொன்னது. ஒவ்வொருவரும் கடைசியில் "வேற விசேஷம் ஒண்ணும் இல்ல" என்று முடித்தார்கள். எனக்கோ பெருத்த ஏமாற்றம். "தாத்தா, இதுக்கா இவ்வளவு கம்பி?" என்று கேட்டேன். "இதுக்குத்தான் தம்பி" என்றார் அவர். மேலே ஒன்றும் சொல்லவில்லை.

அவர்கள் ஏன் அப்படிப் பேசினார்கள் என்பதற்கு ஒரு சட்டக் காரணம் இருப்பதைப் பின்னாளில் அறிந்து வியந்தேன். நாடுவிட்டு நாடு பேசும் ஹாம்கள் எதைப் பேசலாம் என்று உலக நாடுகள் கூடி வகுத்த வானொலி விதி ஒன்று நெடுங்காலம் வழக்கில் இருந்தது. கருவிகளைச் சோதிப்பது பற்றிப் பேசலாம். அது தவிர, சொந்த விஷயம் பேசலாம். ஆனால் அந்தச் சொந்த விஷயம் தந்தி அல்லது தொலைபேசிக்குக் காசு செலவழிக்கத் தகாத அளவுக்கு முக்கியமற்றதாக இருக்க வேண்டும்! முக்கியமான செய்தியை ஹாம் வழியாகச் சொன்னால் அரசுத் தந்திக்கு வருமானம் குறையும் அல்லவா? ஆகவே, உதவாத பேச்சை மட்டுமே பேசுக என்று உலகச் சட்டமே கட்டளையிட்டிருந்தது. 2003-இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாடு விதியைத் திருத்தியபோது அந்த 'முக்கியமின்மை'யும் நீங்கியது. வணிகம் பேசுவது இன்றும் கூடாது. அரசியலையும் சமயத்தையும் நல்ல ஹாம் தொடுவதில்லை. இவை மூன்றையும் நீக்கிவிட்டால் மனிதன் பேசுவதற்கு மிஞ்சுவது மழையும் இட்லியும் முழங்கால் வலியும்தான்.

அவர்களுக்கு அளிக்கப்பட்ட அலைகளும் அப்படி உதவாதவை என்று ஒதுக்கப்பட்டவையே. வானொலியின் தொடக்க நாளில் நீண்ட அலைகளே தொலைதூரம் செல்லும் என்று எல்லோரும் நம்பினர். ஆகவே 1912-இல் அமெரிக்கச் சட்டம், 200 மீட்டருக்கு மேற்பட்ட அலைகளைக் கப்பலுக்கும் கடற்படைக்கும் வணிகத்துக்கும் ஒதுக்கிக்கொண்டு, கீழே உள்ளவற்றை இந்தப் பொழுதுபோக்குக்காரர்களிடம் தள்ளிவிட்டது. ஒன்றுக்கும் ஆகாத நிலத்தைப் பங்காளிக்கு எழுதிவைப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் அந்தத் தரிசைக் கொத்திக்கொண்டே இருந்தார்கள். 1923 நவம்பரில் அமெரிக்காவிலிருந்த ஹாம்களும் பிரான்சின் நீஸ் நகரிலிருந்த ஒருவரும் ஏறத்தாழ 100 மீட்டர் அலையில் அட்லாண்டிக் கடலைத் தாண்டி ஒருவரோடொருவர் பேசிவிட்டனர். உதவாத சிற்றலைதான் உலகைச் சுற்ற வல்லது என்பது அப்போது விளங்கியது. பிறகு அரசுகளும் கம்பெனிகளும் அந்தத் தரிசில் பங்கு கேட்டு ஓடிவந்தன.

இவ்வலைகள் எப்படி அவ்வளவு தூரம் போகின்றன? வளிமண்டலத்தின் மேற்பகுதியில் கதிரவன் ஒளியால் மின்னேற்றம் பெற்ற அடுக்குகள் உள்ளன. அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று 1902-இல் கென்னலியும் ஹெவிசைடும் தனித்தனியே கூறினர். 1924-இல் ஆப்பிள்டன் அதனைச் சோதனையால் மெய்ப்பித்தார். அதற்காக 1947-இல் நோபல் பரிசும் பெற்றார். கண்ணாடியில் பட்ட ஒளிபோலச் சிற்றலை அவ்வடுக்கில் பட்டுத் தரைக்குத் திரும்புகிறது. தாத்தாவின் காலை நெட் 7 மெகாஹெர்ட்ஸில் நடப்பது. அதற்கு வேண்டிய கம்பியின் நீளம் ஏறத்தாழ 20 மீட்டர். இரண்டு தென்னை போதும். பகலில் கீழடுக்கு அவ்வலையைப் பெரிதும் விழுங்கிவிடுவதால் சில நூறு கிலோமீட்டருக்குள் உள்ளவர்களோடு பேசலாம். இரவில் கீழடுக்கு மறையவும் அதே கம்பியில் வெளிநாடு கேட்கும். கருவிக்கு வேண்டிய ஆற்றல் பெரும்பாலும் 100 வாட். பழைய குண்டு பல்பு ஒன்றுக்கு ஆகும் மின்சாரம். ஆனால் கதிரவனின் மனநிலையைப் பொறுத்துக் குரல் சில நாள் கணீரென்று ஒலிக்கும். சில நாள் கிணற்றுக்குள்ளிருந்து வரும். கருவியைச் சற்றே தப்பாகத் திருப்பிவிட்டால் மதிப்புக்குரிய பெரியவர்கூட வாத்து கத்துவதுபோலப் பேசுவார்.

ஆகையால் ஹாம் ஒருவர் முதலில் சொல்வது, "உன் குரல் எனக்கு எப்படிக் கேட்கிறது" என்பதைத்தான். புரியும் அளவுக்கு ஐந்து மதிப்பெண்; வலிமைக்கு ஒன்பது. இரண்டும் முழுதாக இருந்தால் 'ஐந்து ஒன்பது'. ஒரு வேடிக்கை என்னவென்றால், போட்டி நாள்களில் ஒன்றுமே புரியாதவர்கூட எதிரிலிருப்பவருக்கு ஐந்து ஒன்பது கொடுத்துவிட்டு, "உங்கள் பெயரை இன்னொரு முறை சொல்லுங்கள்" என்பார். விருந்துக்குப் போன வீட்டில் சாம்பார் எப்படியிருந்தாலும் "பிரமாதம்" என்கிறோமே, அது போலத்தான்.

நம் கல்லூரியில் மொழியியல் நடத்தும் பேராசிரியர் ஒருவரிடம் இதை ஒருநாள் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு இரண்டு பெயர்களைத் தந்தார். முதலாமவர் மாலினோவ்ஸ்கி. போலந்தில் பிறந்த இம்மானிடவியலாளர் நியூகினிக்கு அருகிலுள்ள டிரோபிரியாண்ட் தீவு மக்களிடையே வாழ்ந்து ஆராய்ந்தவர். செய்தி சொல்வதற்காக அல்லாமல் உறவு பேணுவதற்காகவே மனிதர் பேசும் பேச்சு ஒன்று உண்டு என்று 1923-இல் எழுதினார். நலம் விசாரிப்பது, வானிலை பேசுவது, கண்கூடாகத் தெரிவதையே சொல்வது எல்லாம் இவ்வகை. எதிரே நிற்பவன் வாய்மூடி நின்றால் மனிதனுக்கு அச்சம் பிறக்கிறது. ஏதோ ஒன்றைப் பேசியவுடன் அது தீர்கிறது என்பது அவர் கருத்து. சிற்றலை அட்லாண்டிக்கைத் தாண்டியதும் இக்கருத்து வெளிவந்ததும் ஒரே ஆண்டு என்பது தற்செயல். ஆயினும் எனக்குப் பிடித்த தற்செயல்.

இரண்டாமவர் யாகோப்சன். மொழியின் பணிகளைப் பாகுபடுத்தி அவர் எழுதிய கட்டுரை 1960-இல் வெளியாயிற்று. பேசுவோர்க்கிடையே உள்ள வழி திறந்திருக்கிறதா, அடைபட்டிருக்கிறதா என்று பார்ப்பதும் மொழியின் ஒரு பணி என்றார் அவர். தொலைபேசியில் "ஹலோ, கேட்கிறதா?" என்கிறோமே, அதுபோல. இதைப் படித்தபோது எனக்குத் தந்தித் தாத்தாவின் அறையே கண்முன் வந்தது. 'ஐந்து ஒன்பது' வேறென்ன? மற்றவர்கள் உள்ளுக்குள் செய்வதை ஹாம்கள் எண் போட்டுச் செய்கிறார்கள்.

இனி அவர்களுடைய பழக்கவழக்கங்கள் சிலவற்றைச் சொல்ல வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஹாம்களிடையே பட்டம் பதவி கிடையாது. பெயரும் குறியும் மட்டுமே. ஜோர்டான் நாட்டு மன்னராக இருந்த உசேன் ஒரு ஹாம். ஜே.ஒய்.1 என்பது அவர் குறி. அவரும் தம்மைப் பெயரால்தான் சொல்லிக்கொள்வார். நம் நாட்டுப் பிரதமராக இருந்த ராஜீவ் காந்தி வி.யூ.2.ஆர்.ஜி. ஆண்கள் எல்லோரும் 'ஓ.எம்.' அதாவது கிழவர். பதினாறு வயதுப் பையனும் கிழவரே. பெண்கள் எல்லோரும் 'ஒய்.எல்.' அதாவது இளநங்கை. எண்பது வயதுப் பாட்டியும் இளநங்கையே. நீ, நீங்கள், சார், ஐயா என்று வயதும் பதவியும் பார்த்துப் பார்த்துப் பேச வேண்டிய நமக்கு இது ஒரு பெரிய விடுதலை. நெட்டில் ஒரு துணை வட்டாட்சியரும் ஒரு மிதிவண்டிக் கடைக்காரரும் இருக்கிறார்கள். இருவரும் ஒருவருக்கொருவர் ஓ.எம். நேரில் சந்தித்திருந்தால் ஒருவர் நின்றுகொண்டும் ஒருவர் உட்கார்ந்துகொண்டும்தான் பேசியிருப்பார்கள் என்று எனக்கு ஐயமில்லை.

விடைபெறும்போது 'எழுபத்து மூன்று' என்பார்கள். அன்பான வாழ்த்து என்று பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தந்திக்காரர்கள் நேரத்தை மிச்சம் பிடிக்க வகுத்த எண்களுள் ஒன்று அது. தந்தி போய்விட்டது; வாழ்த்து இருக்கிறது. மோர்ஸ் முறையில் சிரிக்க வேண்டுமானால் ஆங்கில எழுத்துகளில் எச், ஐ இரண்டையும் தட்டுவார்கள். நான்கு புள்ளி, இரண்டு புள்ளி. தாத்தா விசையைத் தட்டிச் சிரிப்பதைப் பார்த்தால் நமக்கும் சிரிப்பு வரும். ஒருவர் மோர்ஸ் தட்டும் பாங்கைக் கொண்டே இன்னார் என்று அடையாளம் காண்பார்கள். கையெழுத்துபோல அது கையோசை. ஒருமுறை பேசியதற்குச் சான்றாக அஞ்சலட்டை அளவில் ஓர் அட்டை அனுப்பிக்கொள்வதும் உண்டு. தாத்தாவின் அறைச் சுவர் முழுவதும் அவ்வட்டைகள்தாம். ஒருவர் இறந்துவிட்டால் 'விசை ஓய்ந்தது' என்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இக்கருவியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பொத்தானை அழுத்தினால் பேசலாம், கேட்க முடியாது. விட்டால் கேட்கலாம், பேச முடியாது. குறுக்கே புகுந்து பேச வழியே இல்லை. நம் விடுதி உணவுக்கூடத்திலும் இப்படி ஒரு பொத்தான் வைத்தால் நல்லது என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

இவர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருவர் தம் ஏரியலின் பெருமையைத் தவிர வேறொன்றும் பேசமாட்டார். ஒருவர் மாத்திரைப் பட்டியல் வாசிப்பார். இரண்டு பேருக்கு ஏதோ பழைய மனத்தாங்கல், நலம் விசாரித்துக்கொள்வதில்லை. ஆனாலும் காலையில் ஒருவருக்கொருவர் ஐந்து ஒன்பது கொடுக்கத் தவறுவதில்லை.

இந்த உதவாத பேச்சு உதவிய கதை ஒன்று உலகறிந்தது. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்னும் ஹாம் பெண்மணி, ஐதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் குழுவோடு அந்தமானுக்குச் சென்றிருந்தார். அன்று போர்ட் பிளேர் என்றும், 2024 முதல் ஸ்ரீ விஜய புரம் என்றும் வழங்கும் நகரில் தங்கினார். பல ஆண்டுகளாக அங்கிருந்து ஹாம் குரல் எழுந்ததில்லை. அந்தமானோடு ஒருமுறை பேசிவிட வேண்டும் என்று உலகெங்கும் ஹாம்கள் தவம் கிடந்தனர். வி.யூ.4.ஆர்.பி.ஐ. என்ற குறியில் அவர் பேசத் தொடங்கியதும் மொய்த்துக்கொண்டனர். அந்தப் பேச்சில் என்ன இருந்தது? குறி, ஐந்து ஒன்பது, நன்றி. அவ்வளவே. வெளியாள் ஒருவர் பார்த்தால், இதற்கா கடல் கடந்து வந்தார்கள் என்று தலையில் அடித்துக்கொள்வார்.

டிசம்பர் 26 காலை ஆறரை மணியளவில் நிலம் நடுங்கியது. பிறகு கடல் வந்தது. மின்சாரம் போயிற்று, தொலைபேசி போயிற்று. பாரதி பிரசாத் கருவிகளை விடுதிக்கு வெளியே கொண்டுவந்து நிறுவி, அதே அலைவரிசையில் பேசினார். கேட்பதற்கு உலகம் ஏற்கெனவே காதைத் தீட்டிக்கொண்டு இருந்ததே! தீவுகளில் இருந்தவர்களின் நிலையைத் தாயகத்து உறவினர்க்கும், அவர்களுடைய விசாரிப்பைத் தீவுக்கும் ஹாம்கள் கைமாற்றிக் கொடுத்தனர். அந்தமானில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல. ஆகவே இது நமக்கு அயல்கதை அன்று. அதே நாள்களில் இலங்கை ஹாம்கள் அழிந்து கிடந்த அம்பாந்தோட்டைக்குக் கருவியோடு சென்று கொழும்போடு தொடர்பு ஏற்படுத்தினர்.

இதெல்லாம் பெரிய கதை. நான் கண்ட சிறிய கதைக்கு வருகிறேன்.

தாத்தா ஆறரை மணிக்கே கருவியை முடுக்கிவிட்டுக் குளிக்கப் போவார். ஏழு மணிக்கு நெற்றியில் திருநீறோடு வந்து உட்காருவார். நவம்பரில் ஒருநாள் காலை ஏழே கால் மணி இருக்கும். அப்பாவின் கைப்பேசி அடித்தது. கோவையிலிருந்து யாரோ பேசினார். "ஐயா, நான் உங்க பக்கத்து வீட்டுப் பெரியவரோட நண்பன். மூணு தடவை கூப்பிட்டுட்டோம், அவர் பதில் சொல்லல. ஊருக்குப் போறதா இருந்தா முந்தின நாளே சொல்லிடுவார். அவர் போனும் எடுக்கல. முந்தாநாள் பேசறப்போ குளியலறைத் தரையில பாசி வழுக்குதுன்னார். உங்க பையன்கிட்ட ஒரு சாவி இருக்குன்னும் எப்பவோ சொல்லியிருக்கார். கொஞ்சம் போய்ப் பார்க்க முடியுமா?"

அப்பாவின் எண் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று பிறகு தெரிந்தது. ஆடி மாதம் தாத்தா ஊரில் இல்லாதபோது அவர் அனுப்பிய கம்பிச் சுருள் பொட்டலத்தை எங்கள் வீட்டு முகவரிக்கு அனுப்பச் சொல்லியிருந்தார். அதன்மேல் எழுதிய எண்.

சாவியை எடுத்துக்கொண்டு ஓடினோம். கதவைத் திறந்ததும் அறையிலிருந்து குரல் வந்தது. யாரும் இல்லாத நாற்காலியைப் பார்த்துக் கருவி தாத்தாவின் குறியை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தது. முதலில் தஞ்சாவூர்க் குரல். பிறகு நாகர்கோவில். பிறகு, அவரோடு நலம் விசாரிக்காத அந்த மனத்தாங்கல்காரர். ஆம், அந்த இருவரில் ஒருவர் நம் தாத்தாவேதான். தாத்தா குளியலறையில் விழுந்து கிடந்தார். எழ முடியவில்லை, இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. நினைவு இருந்தது. ஈரத் தரையில் கிடந்ததால் உடல் நடுங்கிக்கொண்டிருந்தது.

அப்பா 108-ஐ அழைத்தார். நான் அறைக்கு ஓடினேன். மைக் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. ஆனால் எனக்கு உரிமம் இல்லை. உரிமம் இல்லாதவன் பொத்தானை அழுத்தக் கூடாது. "தொடாதே தம்பி, போன்ல சொல்லு" என்று குளியலறையிலிருந்து மெல்லிய குரல் வந்தது. இடுப்பு முறிந்து கிடக்கும்போதும் சட்டம்! அப்பாவின் கைப்பேசியில் கோவைக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அரை நிமிடத்தில், நான் சொன்ன செய்தி எங்கள் தலைக்கு மேலிருந்த செப்புக் கம்பி வழியாகத் திரும்பி வந்தது: "கிடைச்சிட்டார். நினைவு இருக்கு. ஆம்புலன்ஸ் வருது." பிறகு சற்று நேரம் யாரும் பேசவில்லை. அந்த இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

மூன்று நாள் யாரும் கதவைத் திறந்திருக்க மாட்டார்கள் என்பதே உண்மை. பால்காரர் பொட்டலத்தை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார். மகன் ஞாயிற்றுக்கிழமைதான் பேசுவார். அன்று செவ்வாய்க்கிழமை. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த எங்களுக்குத் தெரியவில்லை, கோவைக்குத் தெரிந்தது. பாசி வழுக்கும் தரை, பக்கத்து வீட்டுப் பையனிடம் இருக்கும் சாவி, ஊருக்குப் போனால் முன்னாளே சொல்லும் வழக்கம். இவற்றுள் எது ஒன்றையாவது யாராவது ஒரு செய்தி என்று மதிப்பார்களா? நான் அவற்றைக் காதில் வாங்கிக்கொண்டு கொட்டாவி விட்டிருக்கிறேன்.

திருச்சியில் அறுவை நடந்தது. மகன் வந்தார். மருத்துவமனையில் ஒருநாள் நான் துணைக்கு இருந்தபோது முன்பின் கண்டிராத நால்வர் வந்து, செவிலியரிடம் நோயாளியின் குறியைச் சொல்லித் தேடினார்கள். அந்தம்மாள் படுக்கை எண் என்று நினைத்து, அப்படி ஒரு படுக்கையே இல்லை என்றுவிட்டார். பதினெட்டு ஆண்டுகள் தினமும் பேசியவர்கள், அன்றுதான் முதன்முதலாக முகம் பார்த்துக்கொண்டனர். ஒருவர் நினைத்ததைவிடக் குட்டை. ஒருவர் நினைத்ததைவிடக் கறுப்பு. முதல் ஐந்து நிமிடம் யாருக்கும் பேச்சே வரவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, எல்லோரும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். தாத்தா படுத்தபடியே, "மேட்டூர்ல எத்தனை அடி?" என்றார். அதன்பிறகு மாலைவரை நிற்கவே இல்லை.

அன்று குளியலறையில் கிடந்தபோது என்ன நினைத்தீர்கள் என்று பின்னர் ஒருநாள் கேட்டேன். "அவங்க கூப்பிட்டது கேட்டுக்கிட்டே இருந்துச்சு தம்பி. எல்லாரும் ஐந்து ஒன்பதுல இருந்தாங்க. பதில் சொல்ல முடியலையேன்னுதான் இருந்தது" என்றார்.

உரிமத் தேர்வுக்கு நான் படித்துக்கொண்டிருக்கிறேன். சட்டப் பகுதிதான் கடினமாக இருக்கிறது. பொங்கல் கழிந்து, 2025 சனவரிக் கடைசியில், தாத்தா கைத்தடியோடு வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கருவியை முடுக்கிவிட்டுப் பக்கத்தில் நின்றேன். ஏழு மணிக்கு வருகைப் பதிவு தொடங்கியது. இத்தனை நாளும் அவருடைய குறியை அவர்கள் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை; தினமும் அழைத்துவிட்டு, ஒரு நொடி விட்டு, அடுத்தவருக்குப் போயிருக்கிறார்கள். அன்றும் அவருடைய முறை வந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

"வணக்கம் ஓ.எம். சிக்னல் இங்கே ஐந்து ஒன்பது. ராத்திரி பனி ஜாஸ்தி. காலையில ரெண்டு இட்லி ஆச்சு. இடுப்பு பரவாயில்ல. வேற விசேஷம் ஒண்ணும் இல்ல. மைக் உங்களுக்கு. ஓவர்."